தேரோட முட்டுக்கட்டையும் காரோட இ.எஸ்.பி.யும்

திருவண்ணாமலையில கார்த்திகை தீபத் திருவிழாவோட ஏழாம் நாள் தேரோட்டம் பார்த்திருப்பீங்க. அடுத்த முறை சாமியைக் கும்பிட்டுட்டு, பெரிய தேரோட சக்கரத்துப் பக்கமும் கொஞ்சம் பாருங்க.

தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. அப்ப மாட வீதி முனையில எப்படித் திரும்புது? சக்கரத்துக்கு முன்னாடி முட்டுக்கட்டை போடுறாங்க. திரும்ப வேண்டிய பக்கத்துச் சக்கரம் கட்டையில முட்டித் தயங்கும். எதிர்ப்பக்கச் சக்கரம் முன்னே போகும். தேர் திரும்பிடும்.

கார்ல இருக்கிற இ.எஸ்.பி.யும் இதே தத்துவம்தான். 1995-ல பாஷ் நிறுவனத்தோட இந்த அமைப்பு மெர்சிடிஸ் எஸ் கிளாஸ்ல வந்தது. மழையில நனைஞ்ச மலைப்பாதை வளைவு. நீங்க ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் வெளிப்பக்கமா வழுக்குது. சென்சார்கள் அதைக் கண்டுபிடிச்சதும், உள்பக்கப் பின்சக்கரத்துக்கு மட்டும் பிரேக் விழும். கார் வளைவுக்குள்ள திரும்பும். வண்டியோட பின்பக்கம் வீசிட்டுப் போனா, வெளிப்பக்க முன்சக்கரத்துக்கு பிரேக். நம்ம காலால இது முடியாது. பெடல் ஒண்ணுதானே!

ஒரு எச்சரிக்கை. டயருக்குத் தரையில பிடிப்பு இருந்தாதான் இதெல்லாம் நடக்கும். தேய்ஞ்ச டயரோட ஜவ்வாது மலையில வேகமா இறங்கினா இ.எஸ்.பி. காப்பாத்தாது.

முட்டுக்கட்டை போடுறவர் உருளும் சக்கரத்துக்குப் பக்கத்துலயே, உயிரைப் பணயம் வெச்சு நடக்கிறார். கார்ல அந்தக் காவலைக் கணினி பார்க்குது. அதனால வண்டி வாங்கும்போது சன்ரூஃப் இருக்கான்னு கேக்கிறதுக்கு முன்னாடி, இ.எஸ்.பி. இருக்கான்னு கேளுங்க.