காதில் வைத்த பஞ்சு

மல்லாங்கிணறு பக்கம் கரிசக்காட்டை ஒட்டி ஒரு ஓட்டு வீடு. பத்தொன்பது வயதுப் பையன், இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பட்டாசு ஆபீசில், அதாவது பட்டாசுத் தொழிற்சாலையில், சரம் பின்னிக்கொண்டிருந்தவன். "வெடிச் சத்தத்துல காது கெட்டுப்போச்சு தாயி" என்றார் அவனுடைய அம்மா. காது டாக்டரிடம் காட்டியாகிவிட்டது, காதில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டாராம். சிவகாசிப் பக்கம் இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இப்போது சிரித்திருப்பீர்கள். சரம் பின்னுகிற ஷெட்டில் ஏது வெடிச் சத்தம்? அங்கே சத்தம் கேட்டால் அன்றைக்கு நிலைமையே வேறு.

பையன் பஞ்சு வைத்தது, அவனுக்கு மட்டும் கேட்ட குரல்களை அடைப்பதற்கு. ஆள் இல்லாத நேரத்தில் இரண்டு பேர் அவனைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வார்களாம். ஏழு மாதமாக. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் யாரும் அவனைக் கேட்கவும் இல்லை. (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் சொல்கிறேன். ஊருக்குள் தேட வேண்டாம்.)

நான் மனநல சமூகப் பணியாளர். டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. வீடு வீடாகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற வேலை. இன்றைக்கு என்னைப் பேசச் சொன்ன தலைப்பு, இளவயதில் வரும் சைக்கோசிஸ் என்ற தீவிர மனநோய்க்கு ஆரம்பத்திலேயே குழுவாகச் சேர்ந்து சிகிச்சை தருவது. பெரும்பாலும் பதினாறிலிருந்து முப்பது வயதுக்குள் தொடங்குகிற நோய் இது. தூக்கம் போகும். தன்னை யாரோ கண்காணிக்கிறார்கள் என்ற சந்தேகம் வரும். தனியாகச் சிரிப்பு, பேச்சு. நண்பர்களை விட்டு விலகல். வீட்டில் இதற்கு வைக்கிற பெயர்கள் வேறு: காத்துக் கருப்பு, செய்வினை, திமிரு, காதல் தோல்வி.

அப்புறம் குணசீலம் கோயில், ஏர்வாடி தர்கா, புளியம்பட்டி அந்தோணியார் கோயில் என்று பயணம் தொடங்கும். நான் சாமி கும்பிடுவதைத் தடுக்கிற ஆள் இல்லை. எங்கள் வீட்டுப் பூஜையறை என்னைவிடப் பெரிசு. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்கள் ஓட முடியாமல் எரிந்துபோனார்கள், 28 பேர். அதை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. 2017-ல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலி போடுவதையே தடை செய்திருக்கிறது. கோயிலுக்குப் போங்கள், மாத்திரையையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

குழு என்றால் யார் யார்? மனநல மருத்துவர், உளவியலாளர், செவிலியர், என்னைப் போன்ற ஒருவர், படிப்பையும் வேலையையும் மீட்டுக் கொடுக்க ஒருவர். எல்லோரும் ஒரே பையனைப் பற்றி ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுவார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் பேட்ரிக் மெக்காரி என்ற மருத்துவர் 1992-ல் இப்படியொரு மையம் தொடங்கினார். அமெரிக்காவில் 34 மையங்களில் 404 பேரை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2015-ல் வந்தது: குழுச் சிகிச்சை பெற்றவர்கள் கூடுதலாகத் தேறினார்கள், சீக்கிரம் வந்தவர்களுக்கு இன்னும் அதிகப் பலன். அந்த 404 பேரில் பாதிப் பேர் நோய் தொடங்கி 74 வாரம் தாண்டித்தான் சிகிச்சைக்கு வந்திருந்தார்கள். அமெரிக்காவிலேயே! நம் பையனுடைய ஏழு மாதத்தை நினைத்து அவன் அம்மா அழுதபோது நான் இதைத்தான் சொன்னேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு நம் சென்னையில் நடந்தது. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமும், கனடாவின் மான்ட்ரியல் நகர மருத்துவர்களும் சேர்ந்து செய்தார்கள். அங்கே 165 பேர், இங்கே 168 பேர். இரண்டு ஊரிலும் ஒரே மாதிரிக் குழுச் சிகிச்சை, இரண்டு வருடம். குரல் கேட்பது, சந்தேகம் இதெல்லாம் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தன. ஆனால் பேசாமல் கிடப்பது, எதிலும் ஆசையில்லாமல் ஒடுங்கிப்போவது இருக்கிறதே, மாத்திரைக்கு லேசில் மசியாத அந்தப் பகுதி, சென்னையில்தான் கூடுதலாக மாறியது. இன்னொரு வித்தியாசமும் கண்டார்கள். சென்னையில் குடும்பத்தார் சிகிச்சைக் குழுவோடு கூடுதலாகத் தொடர்பில் இருந்தார்கள். அம்மா வருவார், அப்பா வருவார், சித்தப்பா வருவார், சில நேரம் எதிர்வீட்டுக்காரரும் வருவார். நாங்கள் தொந்தரவு என்று நினைத்த கூட்டம், நேயர்களே!

அதனால் அந்த ஓட்டு வீட்டில் நான் முதலில் குழுவில் சேர்த்தது அவனுடைய அம்மாவை. மனநல டாக்டர் எழுதியது குறைந்த அளவு மாத்திரை. "மருந்து" என்று நான் சொன்னதும் பையன் முதல் முறையாகச் சிரித்தான். "அக்கா, எங்க ஆபீஸ்ல மருந்துன்னா வேற, வெடிமருந்து. கூடினாலும் வம்பு, கொறைஞ்சாலும் வம்பு." இதைவிட நன்றாக எந்த டாக்டரும் விளக்கியதில்லை. முதல் தடவை வருகிறவர்களுக்குக் குறைந்த அளவில் தொடங்கி, பார்த்துப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும். மாத்திரையில் பசி கூடும், எடை ஏறும். விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டாவை வைத்துக்கொண்டு எடையைக் குறை என்று சொல்வது என்ன கொடுமை! செவிலியர் மாதா மாதம் அவனை எடை மிஷினில் ஏற்றிவிடுவார்.

உளவியலாளர் அவனிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார், குரல் எப்போது கேட்கிறது என்று எழுத. தனியாகக் கிடக்கும் மத்தியானத்தில்தான் அதிகம் என்று மூன்றே வாரத்தில் அவனே கண்டுபிடித்தான். அம்மா மத்தியானம் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் புளி கொட்டை எடுக்கச் சொன்னார். இது எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்காது.

அடுத்தது வேலை. ஆபீசுக்குத் திரும்பப் போகணும் என்றான். அவன் சம்மதத்தோடு போர்மேனைப் போய்ப் பார்த்தேன். மருந்து ரூம் பக்கமே வேண்டாம், பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற இடம், முதலில் அரை நாள். ஆரம்பத்தில் மாத்திரைத் தூக்கம் தெளிய நேரமானது, விடிகாலை ஆபீஸ் வேனைப் பிடிக்க முடியவில்லை. போர்மேன் ஒன்பது மணிக்கு வரச் சொல்லிவிட்டார். அந்தப் பெரியவரும் எங்கள் குழுவில் ஒருவர்தான், சம்பளம்தான் கிடையாது. முதல் சனிக்கிழமைக் கூலியில் பையன் எனக்கு ஒரு சேவுப் பொட்டலம் வாங்கி வந்தான்.

அப்புறம் மாமா ஒருவர் கிளம்பினார், "ஒரு கால்கட்டுப் போட்டா எல்லாம் சரியாயிரும்" என்று. கல்யாணம் மாத்திரை இல்லை மாமா, வரப்போகிற பொண்ணும் நர்சு இல்லை என்றேன். கோபித்துக்கொண்டு போனவர், அடுத்த மாதம் அவரே பையனை ஆஸ்பத்திரிக்கு பைக்கில் கூட்டிவந்தார்.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் முடிகிறது. சொல்ல நினைத்ததில் பாதிதான் சொன்னேன். சென்னையில் பார்த்தது போன்ற முழுமையான குழு நம் பக்கத்துக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் உண்டு. விருதுநகரில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நோய் குறைந்தது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் டெலி மானஸ், 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். வீட்டில் ஒரு பிள்ளை கொஞ்ச நாளாகச் சரியாகத் தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால், இன்றைக்கு ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து "என்னய்யா கேக்குது உனக்கு?" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.