நிலைத்து நிற்கும் விசைமாற்றம்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என அம்பாறைக் கரையோரத்தில் அடுத்தடுத்து அமைந்த ஊர்களில் தட்டச்சுக்கு வரும் கலியாண அழைப்பிதழையோ பள்ளிவாசல் அறிவித்தலையோ எடுத்து நோக்கினால், ஹனீபா, இஸ்ஹாக், ஷாஜஹான், ஜவாஹிர் போன்ற பெயர்களின் வழியே ஹ, ஜ, ஷ, ஸ ஆகிய கிரந்த எழுத்துகள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். இலங்கைத் தட்டச்சாளரிடையே நெடுங்காலம் வேரூன்றிய பாமினி எழுத்துருவின் விசையமைப்போ, ஹகரத்தை ஒன்றாம் இலக்கத்துக்கும் இடப்புறத்தே உள்ள மூலை விசையிலும், ஷகரத்தை வலப்புற ஓரத்துப் பின்சாய்கோட்டு விசையிலும் ஒதுக்கி வைத்திருக்கிறது. இடது சுண்டுவிரலுக்கு மிக அண்மையில் இருக்கும் நல்ல இடத்தைக் கேப்ஸ் லொக் பிடித்துக்கொண்டிருப்பதுடன், தவறிப் பட்டுவிட்டால் ககரம் விழவேண்டிய இடங்களிலெல்லாம் ‘கு’ விழும்படி செய்து வரியையே கெடுத்தும்விடுகிறது.

ஆகவே கேப்ஸ் லொக்கை ஹகர விசையாக மாற்றிக்கொள்வது இப்பகுதித் தட்டச்சாளருக்கு மெய்யான பயன் தரும் ஏற்பாடாகும். லினக்ஸ் இயங்குதளத்தில் இத்தகைய மாற்றத்தைச் செய்வது எளிது. ஆனால் கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கிய பின்னரும் அது நிலைத்திருக்கச் செய்வதிலேயே இக்கலையின் தேர்ச்சி வெளிப்படுகிறது. விரல்கள் பழகிய இடம் மறுநாட் காலையில் மாறிக் கிடந்தால், அந்த மாற்றம் இல்லாதிருந்ததே மேல் எனத் தோன்றும்.

அழுத்தப்பட்ட விசை திரையில் எழுத்தாகும் வழியில் பல படிகள் உள்ளன. விசைப்பலகை முதலில் வருடுகுறி எனப்படும் தனக்குரிய எண்ணை அனுப்ப, இயங்குதளத்தின் உட்கருவாகிய கேர்னல் அதனை விசைக்குறியாக்க, எக்ஸ்கேபி என்னும் அட்டவணை அவ்விசைக்குறியை எழுத்துக்குறியாக்குகிறது. பலரும் முதலில் நாடும் எக்ஸ்மோட்மேப் என்னும் பழைய கருவி இந்த இறுதிப் படியில், அதுவும் நினைவகத்தில் இருக்கும் அட்டவணையை மட்டுமே திருத்துவதால், பயனர் வெளியேறியதும் அம்மாற்றம் அழிந்துவிடுகிறது. விசைப்பலகையைக் கழற்றி மீண்டும் பொருத்தும்போதும் அவ்வாறே நேர்வதுண்டு. உபுண்டு 2021 முதல் இயல்பிருப்பாக ஏற்ற வேலண்ட் திரைமுறைக்கென எழுதப்பட்ட செயலிகள் அக்கருவிக்குக் கட்டுப்படுவதே இல்லை. எக்ஸ்கேபியின் மூலக் கோப்புகளிலேயே கைவைப்போரும் உளர். அடுத்த மென்பொருள் புதுப்பிப்பு அவற்றின்மேல் புதிய கோப்புகளை எழுதிவிடுவதால், அவ்வுழைப்பும் வீணாகிறது.

இவற்றினும் சிறந்த வழி, கேர்னலின் படியிலேயே மாற்றத்தைச் செய்வதாகும். கணினியில் பொருத்தப்படும் கருவிகளை அடையாளங்காணும் யூடெவ் என்னும் பகுதி ஒரு வன்பொருள் தரவுத்தளத்தை வைத்திருக்கிறது. அதற்குரிய அடைவில் இரண்டே வரிகள் கொண்ட கோப்பொன்றைப் பயனர் சேர்க்கலாம். முதல் வரி விசைப்பலகையை அதன் உற்பத்தியாளர் எண்ணாலும் மாதிரி எண்ணாலும் குறிக்க, இரண்டாம் வரி, யு.எஸ்.பி விசைப்பலகைகளில் கேப்ஸ் லொக்குக்குரிய 70039 என்னும் வருடுகுறி இனி மூலை விசையாகக் கொள்ளப்படவேண்டும் எனக் கூறுகிறது. கோப்பை எழுதியபின் தரவுத்தளத்தைத் தொகுக்கும் கட்டளையை இயக்குவது இன்றியமையாதது. அது விடுபட்டால் கோப்பு சரியாக இருந்தும் விசை மாறாது என்பதால், முயன்றவர் பலர் இவ்விடத்திலேயே தம் கோப்பில் பிழை தேடிச் சோர்வடைகின்றனர்.

மாற்றம் அடிப்படியிலேயே நிகழ்வதால், மேலே இயங்குவது பாமினியாயினும் ஒருங்குறி உள்ளீட்டு முறையாயினும், திரைமுறை எக்ஸ் ஆயினும் வேலண்ட் ஆயினும், எல்லாம் அவ்விசையை மூலை விசையாகவே பெறுகின்றன. ஆங்கிலத் தலைப்புகளைப் பெரிய எழுத்தில் அடிப்போர் கேப்ஸ் லொக்கை இழப்பது இதன் குறையே. எனினும் கோப்பின் முதல் வரி ஒரு குறிப்பிட்ட விசைப்பலகை மாதிரியை மட்டும் சுட்டுவதால், மடிக்கணினியுடன் பொருத்திய வெளி விசைப்பலகையில் தமிழ் அடிப்பவர் தமது ஹகரத்தைப் பெற, அதே மடிக்கணினியின் சொந்த விசைகளில் ஆங்கிலம் அடிப்பவருக்குக் கேப்ஸ் லொக் பழையபடியே இயங்கும்.