தீவுக்குச் செல்லும் விருந்தினர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இயலும் இசையும் முழங்கும் இம் மேடையில் கடற்பறவைகளைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதற்கு நாம் வாழும் இந் நகரமே சான்று. 1814-ல் தோன்றிய இந்தியன் மியூசியமும், 1916 முதல் பணியாற்றி வரும் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனமும் இக் கொல்கத்தாவில்தான் உள்ளன. அந்த மியூசியத்தின் கண்காணிப்பாளராக விளங்கிய ஆல்காக் என்னும் அறிஞர், அதற்கு முன்னர் 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற ஆய்வுக் கப்பலில் மருத்துவராகவும் இயற்கை ஆய்வாளராகவும் இருந்து இந்தியக் கடல்களைச் சுற்றி வந்தவர். 1902-ல் வெளிவந்த தம் நூலில் இலட்சத்தீவுகளில் உள்ள பிட்டி என்னும் பறவைத் தீவைப் பற்றியும் எழுதினார்.

பிட்டி என்பது எத்துணைப் பெரிய தீவு? ஏறத்தாழ மூன்று ஏக்கர்தான்! மரமில்லை, குடிநீரில்லை, குடியிருப்போரும் இல்லை. மணலும் பவளக் கற்களுமே உள. ஆயினும் ஆலா எனப்படும் கடற்பறவைகள் அங்கே கூட்டங்கூட்டமாக வந்து முட்டையிடுகின்றன. ஏன்? நரியும் பூனையும் எலியும் இல்லாத இடம் அது. ஆண்டு முழுவதும் அலைகடலின்மேல் பறந்து திரிந்தாலும், முட்டையிட மட்டும் தரை வேண்டுமே! கடற்பறவைகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு முட்டைகளே இடுவன. ஆகவே ஒரு பருவம் வீணானால் அவ்விழப்பை எளிதில் ஈடுசெய்ய இயலாது. அண்டைத் தீவுகளின் மீனவர் முற்காலத்தில் அங்கே முட்டைகளைத் திரட்டிச் சென்றதுண்டு. இன்று அத் தீவு பறவைகளுக்குரிய பாதுகாப்பிடமாக உள்ளது.

இனி, இன்னும் தொலைவுக்குச் செல்வோம். 1981 டிசம்பர் 6-ஆம் நாள், டாக்டர் காசிம் தலைமையில் 21 பேர் கொண்ட இந்தியக் குழு கோவாவிலிருந்து 'போலார் சர்க்கிள்' என்ற கப்பலில் புறப்பட்டு, 1982 ஜனவரி 9-ஆம் நாள் தென் துருவக் கண்டமாகிய அண்டார்க்டிகாவில் கால் வைத்தது. மூன்றாவது பயணத்தில், 1983-ல், இந்தியப் பெண்மணிகள் இருவர் முதன்முறையாகச் சென்றனர். அவர்களுள் ஒருவரான சுதீப்தா சென்குப்தா, நம் யாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தின் நில இயல் அறிஞர் என்பது இந் நகரத்தார் அனைவருக்கும் பெருமையன்றோ! இன்று அங்கே மைத்ரி, பாரதி என்ற இரண்டு நிலையங்கள் நமக்குண்டு. பாரதி நிலையம் அமைந்துள்ள பிரிட்ஸ் விரிகுடாப் பகுதித் தீவுகளில் அடேலிப் பென்குயின்கள் கூழாங்கற்களைப் பொறுக்கி அடுக்கிக் கூடு கட்டுகின்றன. நல்ல கல்லுக்கு அங்கே எப்போதும் தட்டுப்பாடு. அடுத்த கூட்டிலிருந்து கல்லைத் திருடும் பென்குயினும் உண்டு. அதனால் மூளும் பூசலும் உண்டு!

பேரரசப் பென்குயினுக்கோ கூடே கிடையாது. உறைந்த கடலின்மீது, கடுங்குளிர் காலத்தில், தாய் ஒரே ஒரு முட்டையிட்டு அதைத் தந்தையிடம் ஒப்படைத்துவிட்டு இரை தேடிக் கடலுக்குச் செல்கிறது. தந்தை அம் முட்டையைத் தன் பாதங்களின்மேல் ஏந்தி, அடிவயிற்றுத் தோலால் போர்த்தி, இரண்டு திங்களுக்கும் மேலாக உண்ணாமல் நின்று காக்கிறது. தாய் திரும்பி வருகையில் ஆயிரக்கணக்கான பறவைகள் ஒன்றுபோலவே நிற்கும். அடையாளம் காட்டக் கூடும் இல்லை, குறிப்பிட்ட இடமும் இல்லை. பின் எவ்வாறு துணையைக் கண்டறியும்? குரலால்! குஞ்சும் தன் பெற்றோரின் குரலைக் கொண்டே அவர்களை அறிகிறது. அக் குரலை மறந்த குஞ்சுக்கு இரை இல்லை. பிள்ளைகளுக்கு வீட்டில் தாய்மொழியைக் கேட்கச் செய்யுங்கள் என்று இச் சங்கத்தில் நாம் ஆண்டுதோறும் வேண்டிக்கொள்கிறோமே, அதற்கு இதனினும் நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

இத்தகைய தந்தையின் தவமும் இன்று பலிக்காமற் போகும் நிலை வந்துவிட்டது. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில் பனிப்பரப்பு உரிய காலத்துக்கு முன்னரே உடைந்தது. நீர் புகாத இறகு இன்னும் முளைக்காத குஞ்சுகள் என் செய்யும்? அப் பகுதியில் இருந்த ஐந்து குடியிருப்புகளுள் நான்கில் குஞ்சுகள் பிழைத்ததாகத் தெரியவில்லை என்பதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. புவி சூடேறுவதன் விளைவை அந்தப் பறவை சுமக்கிறது. அதனை விளைத்தது அந்தப் பறவையன்று.

இவ்விடங்களைக் காண்பதற்கென்றே இன்று பயணக் கப்பல்கள் செல்கின்றன. 1966-ல் லிண்ட்பிளாட் என்பவர் தொடங்கிய இவ்வழக்கம், இன்று ஒரு பருவத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தென் துருவத்துக்கு இட்டுச் செல்கிறது. போகலாமா, கூடாதா? காணாத ஒன்றின்மேல் அன்பு பிறப்பது அரிது. அதனால் நான் போகவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே நாம் விருந்தினர். விருந்தினருக்கும் அறம் உண்டு.

அவ்வறத்தைக் கப்பல்காரர்களே வகுத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் ஒரே வேளையில் நூறு பேருக்கு மேல் கரையில் இருத்தலாகாது. பறவைக்கு ஐந்து மீட்டருக்குள் நெருங்கலாகாது. பென்குயின் எதிரே வந்தால் மனிதனே வழிவிட வேண்டும். இறங்குமுன் காலணிகளைக் கழுவித் தூய்மை செய்ய வேண்டும். இவை வெறும் சடங்குகள் அல்ல. அஞ்சிய தாய் ஒரு கணம் எழுந்தாலும், காத்திருக்கும் ஸ்குவா என்னும் கொள்ளைப் பறவை முட்டையைக் கவர்ந்துவிடும். 2023 அக்டோபரில் தென் ஜார்ஜியாத் தீவருகே கண்டறியப்பட்ட பறவைக் காய்ச்சல், சில திங்களில் அண்டார்க்டிகாவையும் எட்டியது. அதனை ஏந்தி வந்தவை பறவைகளே எனினும், காலணிச் சேற்றால் நாமும் பரப்பிவிடலாகாதே!

இவ்வடக்கம் தமிழருக்குப் புதிதன்று. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி ஊர்மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகள் அஞ்சிப் போய்விடும் என்று தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. கையில் மத்தாப்பை வைத்துக்கொண்டு வெடிக்கு ஏங்காத பிள்ளை உண்டா? அந்த ஊர்ப் பிள்ளைகள் தம் மகிழ்ச்சியில் ஒரு பங்கைப் பறவைக்கு விட்டுக் கொடுக்கிறார்கள். சட்டம் வந்துதான் நல்லொழுக்கம் வரவேண்டும் என்பதில்லை என்று அவர்கள் நமக்குக் காட்டுகிறார்கள்.

அன்பர்களே! நம்முள் எத்தனை பேர் தென் துருவம் செல்வோம்? ஒருவரோ இருவரோ. ஆனால் சென்னை செல்லும் வண்டி சாந்த்ராகாச்சியைக் கடக்கும்போது, நிலையத்தின் அருகே ஓர் ஏரி இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து தங்குகின்றன. இந்தப் பருவத்தில் ஒரு நாள் உங்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். கூச்சலின்றி, கல்லெறியாமல், உணவுப் பொட்டலக் காகிதத்தைக் கரையில் விட்டு வராமல், அரைமணி நேரம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பழக்கம் கைவந்த பிள்ளை, நாளை பிட்டிக்குப் போனாலும் பென்குயின் தீவுக்குப் போனாலும் நல்ல விருந்தினனாகவே நடந்துகொள்ளும்.

பிற மாநிலத்தில் வாழ வந்து, அம் மண்ணை மதித்து நடக்கக் கற்றவர்கள் நாம். அம் மதிப்பைப் பறவைகளின் மண்ணுக்கும் அளிப்போமாக!