ஒரே குத்தை நம்பியவன்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்த செயலாளர், "தொழிற்சாலை அனுபவம் பத்திப் பேசுடா" என்றார். அதைப் பேச இங்கே என்னைவிடப் பெரியவர்கள் நாலு பேர் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். எனவே, இந்தக் கல்லூரியில் வகுப்பறைக்கு வெளியே நான் கற்ற ஒரே விஷயமான குத்துச்சண்டையைப் பற்றிப் பேச அனுமதி வாங்கிக்கொண்டேன்.

என் கூடப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கடைசி வருஷம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் இறுதிச் சுற்றுவரை போனேன். அதுவரை ஆடிய மூன்று பேரையும் ஒரே குத்தில், அதாவது வலது கை நேர்குத்தில், சாய்த்திருந்தேன். இறுதியில் எதிரே வந்த பையன் என்னைவிட ஒல்லி. மணி அடித்ததிலிருந்து என் இடது கைப் பக்கமாகவே சுற்றி வந்தான். என் வலது கை அவனிடம் போய்ச் சேர வேண்டுமானால் முதலில் நான் திரும்ப வேண்டும். நான் திரும்பி முடிப்பதற்குள் அவன் அங்கே இல்லை. இடது கையால் தட்டி நிறுத்தலாமே என்று கேட்பீர்கள். என் இடது கை முகத்தை மறைக்க மட்டும்தான் தெரிந்த கை! மூன்று ரவுண்டிலும் சேர்த்து எனக்குக் கிடைத்தது 3 புள்ளி.

இறங்கி வந்ததும் எங்கள் வாத்தியார் திட்டவில்லை. வடசென்னையில் பழகியவர், சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைக் கதைகளில் ஊறியவர். 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியதைச் சின்ன வயதில் காலரியில் நின்று பார்த்தவர். "ஞாயித்துக்கிழமை மகாபலிபுரம் வா" என்றார், அவ்வளவுதான்.

செங்கல்பட்டிலிருந்து முதல் பஸ் பிடித்துப் போனேன். கடற்கரை மணலில் ஒரு மணி நேரம் ஓட விட்டார். மணலில் ஓடியவர்களுக்குத் தெரியும், தரை நம்மைத் திருப்பித் தள்ளாது. ஒவ்வொரு அடியையும் நாமே பிடுங்கி எடுக்க வேண்டும். பிறகு குன்றின்மேல் கூட்டிக்கொண்டு போய் மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில் நிறுத்தினார். சிங்கத்தின்மேல் எட்டுக் கைகளோடு துர்க்கை; எதிரே எருமைத் தலையோடு மகிஷன், இரண்டு கையாலும் ஒரே ஒரு கதையைப் பிடித்தபடி. "யார் ஜெயிப்பா?" என்றார். அம்மனுக்கு எட்டுக் கை இருக்கே என்றேன். "கையப் பாக்காத. அவன் உடம்பு எங்க சாஞ்சிருக்கு பாரு."

பின்னால் சாய்ந்திருந்தது. கதை பெரிசு, ஆளும் பெரிய ஆள். ஆனால் எடை பின்னால் போய்விட்டது. அந்த நிலையிலிருந்து கதையை வீச முடியாது. "நேத்து நீ இப்படித்தான் நின்ன" என்றார். பல்லவச் சிற்பி குத்துச்சண்டைக்காகச் செதுக்கவில்லை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் இன்றுவரை அந்த மண்டபத்தில் நான் முதலில் பார்ப்பது மகிஷனைத்தான்.

'ஒரே பரிமாணம் உள்ள ஆட்டக்காரன்' என்று ஒருவனைச் சொன்னால், அவனிடம் ஒரே ஆயுதம்தான் இருக்கிறது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். நான் அதை ஒப்புவதில்லை. ஜோ ஃப்ரேசியரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரைச் சொன்னாலே இடது ஹூக்தான் நினைவுக்கு வரும். 1971 மார்ச் 8 அன்று நியூயார்க்கில், பதினைந்தாவது ரவுண்டில், அலியையே அந்தக் குத்துதான் தரையில் உட்கார வைத்தது. ஆனால் அந்த ஒரு குத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஃப்ரேசியரிடம் பல வழிகள் இருந்தன. தலையை ஆட்டிக்கொண்டே குனிந்து உள்ளே போவார், விலாவில் அடித்துக் கையை இறங்க வைப்பார், கயிற்றோரம் ஒதுக்குவார். ஆயுதம் ஒன்று, வழி பல.

மாறாக டியான்டே வைல்டர். வலது கையில் அப்படி ஒரு வெடி. 2018 டிசம்பரில் டைசன் ஃப்யூரியை இரண்டு முறை கீழே தள்ளினார். போட்டி சமனில் முடிந்தது. 2020 பிப்ரவரியில் ஃப்யூரி திட்டத்தை மாற்றிக்கொண்டு நேரே முன்னேறி வந்தார். வைல்டரைப் பின்வாங்க வைத்தார். பின்வாங்கும்போது அந்த வலது கையை வீச நிலை கிடைக்கவில்லை. ஏழாவது ரவுண்டில் வைல்டரின் கார்னரிலிருந்து துண்டை வீசிவிட்டார்கள். 2021 அக்டோபரில் மறுபடி மோதியபோது வைல்டர் நாலாவது ரவுண்டில் ஃப்யூரியை விழ வைத்தார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் பதினொன்றாவதில் அவர்தான் விழுந்தார். இவரிடமும் ஆயுதம் ஒன்றுதான். அதற்குப் போகும் வழியும் ஒன்றே என்பதுதான் சங்கடம்.

நம் பாஷையில் சொன்னால், எஸ்.பி.எம். என்கிறோமே, ஒரே பாகத்தை மட்டும் செய்யக் கட்டிய மெஷின், அது மாதிரி. அந்தப் பாகத்தை அதைப்போல வேகமாக வேறெதுவும் செய்யாது. டிராயிங் மாறினால் அன்றைக்கே அது ஷெட்டில் மூலையில் நிற்கும்.

பழியை ஆட்டக்காரன் தலையில் மட்டும் போடவும் முடியாது. சட்டமும் ஆளை ஒடுக்கும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ராய் ஜோன்ஸுக்குக் கொடுத்த தீர்ப்பு ஊர் சிரித்த தீர்ப்பு. அதற்குப் பிறகு 1992 பார்சிலோனாவில் கம்ப்யூட்டர் முறை வந்தது. ஐந்து நடுவர்கள் கையில் பொத்தான். மூன்று பேராவது ஒரு நொடிக்குள் சேர்ந்து அழுத்தினால்தான் புள்ளி. இஞ்சினியர் கண்ணுக்கு அழகான ஏற்பாடு! விளைவு என்ன? ஐந்து திசையிலிருந்து பார்க்கும் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தெரிய வேண்டும் என்றால் தூரத்திலிருந்து விழும் நேர்குத்துதான் லாபம். நெருங்கி நின்று விலாவில் நாலு கொடுத்தால் யார் கண்ணிலும் படாது. 2013-ல் அந்த முறையை எடுத்துவிட்டு, ரவுண்டுக்குப் பத்துப் புள்ளி முறையைக் கொண்டுவரும்வரை உலகம் பூரா ஒரு தலைமுறையே தொட்டுவிட்டு ஓடப் பழகியது. நானும் அந்தக் காலத்துப் பையன்தான். அதற்காக என் தோல்விக்குக் கம்ப்யூட்டர்மேல் பழி போட மாட்டேன். அதே முறை இருந்தபோதுதான் நம் சென்னையின் வி. தேவராஜன் 1994 பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார். அர்ஜுனா விருதும் பெற்றார்.

மாணவத் தம்பிகள் 'சார்பட்டா பரம்பரை' படத்து டான்சிங் ரோஸைப் பற்றிக் கேட்பீர்கள். ஆமாம், அவர் காலே ஒரு ஆயுதம். அந்த ஆட்டத்தை யூடியூபில் பார்த்துக் கற்க வேண்டாம், முட்டி போய்விடும்.

இத்தனையும் ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு இப்போது ஒரு சிக்கல். சில வருடங்களாக ஞாயிறு காலையில் மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்துப் பிள்ளைகள் சிலருக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அதில் ஒருவன், பெயர் வேண்டாம். சின்ன வயதிலிருந்து வலை இழுத்த தோள். வலது கை விழுந்தால் ரெஃப்ரி எண்ண ஆரம்பித்துவிடுவார். மாவட்ட அளவில் எல்லாரையும் அடித்துவிட்டான். அவனைப் பார்க்கும்போது எனக்கு என் பழைய போட்டோவைப் பார்ப்பது போலிருக்கிறது. ஆறு மாதமாக வலது கையை அவிழ்க்காதே, ஜேப், கால், ஜேப் என்று மாற்றிக்கொண்டிருக்கிறேன். பலன்? போன இரண்டு போட்டியிலும் தோற்றான். அதுவும் முன்பு அவனிடம் அடி வாங்கியவர்களிடம்.

போன வாரம் அவன் அப்பா கூப்பிட்டு அனுப்பினார். படகு நிழலில் உட்கார்ந்து நண்டு வலையைச் சரி செய்துகொண்டிருந்தார். "சார், இந்த வருஷம் மாநிலத்துல ஒரு மெடல் வாங்கிட்டான்னா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல எங்கியாவது ஒட்டிக்குவான். கடலு அவனோட போவட்டும்னு நெனைக்கிறேன் நானு. அந்தப் பழைய அடியையே அடிக்கட்டுமே சார்? கத்துக்கறத அப்புறம் கத்துக்கட்டும்."

அவர் பக்கத்தில் வேறு கண்ணளவில் இன்னும் இரண்டு வலை கிடந்தது. ஒவ்வொரு மீனுக்கும் ஒரு வலை வைத்திருக்கிறீர்களே என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவர் கேட்டது பையனின் சோற்றைப் பற்றி. நான் சொல்வது அவன் ஆட்டத்தைப் பற்றி. மாநிலப் போட்டியில் யாராவது ஒருவன் அவனுடைய இடது பக்கமாகச் சுற்றத்தான் போகிறான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது இறுதிச் சுற்றிலா, முதல் சுற்றிலா என்று யார் சொல்ல முடியும்?

கடைசியில் பேரம் பேசிக்கொண்டோம். இப்போதைய முறையில் ஒரு ரவுண்டு போனாலும் மிச்சம் இரண்டை எடுத்தால் ஜெயிக்கலாம். "முதல் ரவுண்டு எனக்குக் கொடுங்க, இடது கையும் காலும் மட்டும். மத்த ரெண்டும் உங்களுது" என்றேன். அவர் வலையை மடித்து வைத்துவிட்டு, "மொத ரவுண்டுல உழாம இருக்கணும் சார்" என்றார்.

அடுத்த மாதம் போட்டி. அன்றைக்குச் சென்னையில் இருக்கும் நம் சங்கத்து நண்பர்கள் வந்து கை தட்டினால் பையன் சந்தோஷப்படுவான். இடது கை போகும்போதும் தட்டுங்கள்.