ஏக்கருக்கு 25 லட்சம்: அந்தப் பணம் எத்தனை நாள் வரும்?



விருத்தாசலத்துக்குப் பழைய பெயர் திருமுதுகுன்றம். அந்தத் தலத்தில் சுந்தரருக்குச் சிவபெருமான் பன்னிரண்டாயிரம் பொன் கொடுத்தார் என்கிறது பெரியபுராணம். அவ்வளவு பொன்னையும் திருவாரூருக்குச் சுமந்து போவது எப்படி? மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள் என்றார் இறைவன். சுந்தரர் சரி என்றார். ஆனால் ஆற்றில் போடுவதற்கு முன், மாற்றுப் பார்ப்பதற்காகக் கொஞ்சம் பொன்னை மச்சமாக, அதாவது மாதிரியாக, வெட்டி வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. விடாமல் பாடி, மாற்றுச் சரியான பிறகே எடுத்துச் சென்றார். கொடுத்தவர் கடவுளே ஆனாலும் சரிபார்த்து வாங்கிய மனிதர் அவர்.

அதே விருத்தாசலம் வட்டாரத்தில், கம்மாபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், இன்று மொத்தமாகப் பணம் வருவது பெரும்பாலும் ஒரே வழியில்தான். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கம் நிலத்தை எடுக்கிறது. அதற்கு இழப்பீடு தருகிறது. 1956இல் தொடங்கிய நிறுவனம் இது. ஒவ்வொரு முறை சுரங்கம் விரியும்போதும் சில ஊர்களில் உழவு நிற்கிறது. வங்கிக் கணக்குகளில் லட்சங்கள் ஏறுகின்றன. 2022இல் அறிவித்த மறுவாழ்வுத் திட்டத்தில் ஏக்கருக்குக் குறைந்தது 23 லட்சம் ரூபாய் என்றார்கள். மறு ஆண்டே அது 25 லட்சம் ஆனது.

இருபத்தைந்து லட்சம் என்று கேட்டதும் பெரிய தொகையாகத் தெரிகிறது. மாதக் கணக்காக மாற்றிப் பார்த்தால் அதன் உண்மையான அளவு தெரியும். ஆண்டுக்கு 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், 25 லட்சம் தருவது 1,75,000 ரூபாய். மாதம் 14,600 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. இந்த வருமானம் நீடிக்க வேண்டுமானால் முதலைத் தொடக்கூடாது. வீடு, கார், கல்யாணம் என்று பாதியைச் செலவு செய்துவிட்டால் மாத வருமானமும் பாதியாகிவிடும். நிலம் என்றால் நெல், கடலை என்று ஆண்டுதோறும் ஏதாவது கொடுத்துக்கொண்டிருக்கும். வரப்போரப் புல்லில் மாடு வளரும். வீட்டுக்கு வேண்டிய அரிசியைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. இழப்பீட்டுத் தொகை இவை எல்லாவற்றுக்கும் ஈடாக வந்த பணம். அதனால் இதை அதிர்ஷ்டம் என்று நினைத்துச் செலவு செய்யும் குடும்பம், தன் நிலத்தையே கொஞ்சம் கொஞ்சமாக விற்றுச் சாப்பிடுகிறது.

2023 ஜூலை மாதம் வளையமாதேவியில் நடந்தது பல நேயர்களுக்கு நினைவிருக்கும். பரவனாற்றை மாற்றுப் பாதையில் விடுவதற்கு, கதிர் பிடிக்க இருந்த நெல் வயலுக்குள் பொக்லைன் இறங்கியது. 2006 முதல் 2013 வரையிலான ஆண்டுகளில் எடுத்த நிலம் இது, அப்போதே இழப்பீடு கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். விவசாயிகள் அத்தனை ஆண்டுகளும் அதே மண்ணில் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க உத்தரவானது. யார் பக்கம் நியாயம் என்ற வாதம் தனியாக இருக்கட்டும். குடும்பக் கணக்கு என்று பார்த்தால் இதில் ஒரு சிக்கல் உண்டு. பணம் முன்னே வந்துவிட்டது. நிலம் கையை விட்டுப் போனதோ பத்து ஆண்டுக்குப் பிறகு. நிலத்திலிருந்து வரும்படி வந்துகொண்டிருந்த காலத்திலேயே இழப்பீட்டைச் செலவு செய்திருந்தால், பொக்லைன் வரும் நாளில் இரண்டும் இருக்காது.

2022இல் அறிவித்த அதே மறுவாழ்வுத் திட்டத்தில், நிலம் கொடுத்த குடும்பத்துக்குத் தரும் வேலைக்குப் பதிலாக இரண்டு வாய்ப்புகளும் இருந்தன. ஒன்று, 10 முதல் 15 லட்சம் ரூபாய் வரை மொத்தமாக வாங்கிக்கொள்வது. இன்னொன்று, மாதம் 7,000 முதல் 10,000 ரூபாய் வரை 20 ஆண்டுகளுக்கு வாங்குவது. எது லாபம்? கணவனும் மனைவியும் கூட்டாக அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் போடக்கூடிய உச்சவரம்பு 15 லட்சம். 7.4 சதவீத வட்டியில் அது மாதம் 9,250 ரூபாய் தரும். ஐந்து ஆண்டு முடிந்தால் 15 லட்சமும் அப்படியே திரும்பி வரும். மாதத் தொகையைத் தேர்ந்தெடுத்தால் 10,000 வரை வரும்; ஆனால் 20 ஆண்டு முடிவில் கையில் ஒன்றும் மிஞ்சாது. காகிதத்தில் மொத்தத் தொகையே மேல். அதைத் தொடாமல் காக்க முடியாத வீட்டில் மாதத் தொகைதான் நல்லது. எந்த வீடு எப்படிப்பட்டது என்பது அந்த வீட்டுப் பெண்களுக்கு நன்றாகவே தெரியும். முடிவெடுக்கும்போது அவர்களைக் கேட்பது நல்லது.

பணம் வந்ததும் முதல் வேலை கடனை அடைப்பது. அதிலும் எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மரியாதைக்குரிய இடத்துக் கடனை, அதாவது வங்கிக் கடனையும் கூட்டுறவுக் கடனையும் முதலில் கட்டிவிட்டு, வட்டிக்காரருக்கு வட்டி மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இது தலைகீழ் வரிசை. கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே கிடையாது. அதற்கு அவசரம் இல்லை; கெடு தவறாமல் கட்டினால் போதும்.

தண்டல் அப்படி இல்லை. பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு, 8,500 கையில் கொடுப்பார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 15 சதவீதம்தானே என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதையும், மொத்தக் காலமே மூன்றேகால் மாதம்தான் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆண்டு வட்டி சுமார் 120 சதவீதம். ஊர்க் கணக்கில் சொன்னால் பத்து வட்டி, அதாவது மாதம் நூற்றுக்குப் பத்து. விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் கூலி வேலை செய்பவர்களும் தெருவோரக் கடைக்காரர்களும் அன்றாடம் வாங்கும் கடன் இந்த வகைதான்.

மூன்று வட்டிக்கு மூன்று லட்சம் கடன் இருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் 9,000 ரூபாய் வட்டிக்கே போகிறது. இதே 9,000 ரூபாயை வங்கி வட்டியாக ஈட்ட வேண்டுமானால், 7 சதவீதத்தில் 15 லட்சத்துக்கு மேல் போட்டு வைக்க வேண்டும். அதாவது, மூன்று லட்சக் கடனை அடைப்பது 15 லட்சம் டெபாசிட் போட்டதற்குச் சமம். இந்த வருமானத்தைத் தரும் வேறு முதலீடு எந்த வங்கியிலும் கிடையாது.

ஆகவே தண்டலும் மீட்டர் வட்டி போன்ற வட்டிக்காரர் கடன்களும் முதலில். அடுத்தது தனியார் நிதி நிறுவனத்தில் அடகு வைத்த நகை. அதன் பிறகு வாரக் கடன், குழுக் கடன். வங்கிக் கடனும் பயிர்க்கடனும் கடைசி. குழுக் கடன் வாங்கும் பெண்கள் ஒரு விதியைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்: 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி உத்தரவின்படி, நுண்கடன் பெறும் குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. நான்கு குழுக்களில் வாங்கி ஒன்றை வைத்து இன்னொன்றைக் கட்டும் வீடுகள் இந்த எல்லையை எப்போதோ கடந்தவை.

திடீர்ப் பணத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: ஊருக்கே தெரிந்துவிடும். 2022 ஓணம் பம்பர் லாட்டரியில் திருவனந்தபுரத்து ஆட்டோ ஓட்டுநர் ஒருவருக்கு 25 கோடி விழுந்தது. கமிஷனும் வரியும் போக அவருக்கு 15 கோடியே 75 லட்சம் கிடைக்கும் என்றன அப்போதைய செய்திகள். சில நாட்களிலேயே, உதவி கேட்டு வருபவர்களின் கூட்டத்தில் வீட்டில் இருக்க முடியவில்லை, பரிசே விழாமல் இருந்திருக்கலாம் என்று அவர் பேசியது நாடெங்கும் செய்தியானது. கேரள அரசு பரிசு பெற்றவர்களுக்குப் பணம் கையாளும் பயிற்சி தரவே ஏற்பாடு செய்தது. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. ஆனால் இழப்பீடு வந்த வீட்டு வாசலில் நிற்கும் கூட்டம் அதே கூட்டம்தான். முதல் ஆறு மாதம் யாருக்கும் கைமாற்று இல்லை, எந்த மனையும் வாங்குவதில்லை என்று குடும்பமே பேசி முடிவு செய்துகொண்டால், மறுப்புச் சொல்வது எளிது.

அந்த ஆறு மாதமும் பணம் எங்கே இருக்கும்? ஒரு வங்கி மூழ்கினால் ஒருவருக்குக் கிடைக்கும் காப்பீடு 5 லட்சம் வரைதான், எத்தனை கிளைகளில் போட்டிருந்தாலும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் போடும் பணத்துக்கு இந்தக் காப்பீடும் இல்லை. அதனால் இரண்டு மூன்று வங்கிகளிலும் அஞ்சலகத்திலும் பிரித்துப் போடுவது பாதுகாப்பு. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு அஞ்சலக மூத்த குடிமக்கள் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம், வட்டி 8.2 சதவீதம். இந்த விகிதங்களை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியமைக்கலாம் என்பதால், போடும் நாளில் அஞ்சலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதைவிடக் கூடுதலாகத் தருகிறோம் என்று வருபவர்கள் உண்டு. ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனம் மாதம் 25 முதல் 30 சதவீதம் தருவதாகச் சொல்லி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியது என்பது பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசாரின் கணக்கு. 2022இல் சோதனை நடந்த பிறகு, நகையை விற்றும் நிலத்தை அடகு வைத்தும் போட்டவர்கள் காவல் நிலையங்களில் வரிசையில் நின்றார்கள். மாதம் 30 சதவீதம் சம்பாதிக்கத் தெரிந்தவர், நம் ஊர்த் தண்டல்காரரிடம் கடன் வாங்கியே கோடீஸ்வரர் ஆகிவிடலாமே! கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு நம்மைக் கூப்பிட அவருக்கு என்ன தேவை?

பணம் வருவதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒரு வேலை காகிதம். தாத்தா பெயரிலேயே பட்டா இருக்கும் குடும்பங்களில் பங்குத் தகராறு வந்தால், இழப்பீடு நீதிமன்றத்தில் போய்க் கிடக்கும். வாரிசுச் சான்றிதழையும் பட்டா மாற்றத்தையும் இப்போதே முடித்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 1989இலேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் உரிமை தரச் சட்டம் வந்துவிட்டது என்பதால், கட்டிக்கொடுத்த பெண்ணை விட்டுவிட்டுக் கையெழுத்து வாங்க நினைக்க வேண்டாம்.

கந்துவட்டிக்காரர் மிரட்டினால் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி புகார் கொடுக்கலாம். கடன் நிறுவனங்களின் ஆட்கள் வசூலுக்காக வீட்டில் வந்து தொல்லை கொடுத்தால், அதற்கும் 2025இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். கைப்பேசி வழியாகப் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.