முப்பத்தோராவது அலகு



மட்டக்களப்பிலிருந்து கல்முனை போகும் வீதியில், வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது குருக்கள்மடம். வெக்கை காலத்தில் அங்கே விசிறி இல்லாமல் பிள்ளைகள் உறங்க மாட்டார்கள். 75 வாட் விசிறி இரவுக்குப் பத்து மணித்தியாலம் சுழன்றால் மாதத்துக்கு 22 அலகு சொச்சம். குமிழ்களும் தொலைக்காட்சியும் சேர, 30 வந்துவிடும்.

அந்த 30 அலகுக்கு 2022 ஓகஸ்ட் உயர்வுக்கு முன் கரண்ட் பில் 105 ரூபாய். அந்த மாதமே 360 ஆனது. 2023 பெப்ரவரியில் 1,300! அப்போது மீற்றர் இன்னும் ஓர் அலகு நகர்ந்தால் கதை வேறாக இருந்தது. அந்த அலகுக்கு 37 ரூபாய். நிலையான கட்டணமும் 400இலிருந்து 550க்குத் தாவியது. ஆக, முப்பத்தோராவது அலகின் விலை அன்று 187 ரூபாய்.

இந்த விலையேற்றத்தைக் காலநிலைக் கொள்கையின் தலையில் கட்ட முடியாது. ரூபாய் சரிந்தபோது நுரைச்சோலை மின்நிலையத்துக்கு நிலக்கரியும் மற்ற நிலையங்களுக்கு எண்ணெயும் டொலரில்தான் வாங்க வேண்டியிருந்தது. செலவுக்கேற்பக் கட்டணம் என்ற சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனையும் சேர்ந்துகொண்டது. 2030க்குள் 70 வீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்க சக்தியில் என்ற அரசின் இலக்கு, அந்த டொலர்ச் செலவைக் குறைக்கும் வழியும்கூட.

ஆனால் பலன் யாருக்கு? 2016இல் வந்த ‘சூரியபல சங்ராமய’ திட்டம், கூரைச் சோலர் மின்சாரத்துக்கு முதல் ஏழு ஆண்டுகள் அலகுக்கு 22 ரூபாய் தந்தது. நல்ல கூரையும் வங்கிக் கடனும் உள்ளவர்களுக்கு அது வரப்பிரசாதம். வாவியில் வலை போடுகிறவர் கடனுக்குச் சம்பளச் சீட்டு எங்கே காட்டுவார்? வாவிக்கு எதிரே, மேற்குக் கரையான படுவான்கரையில், வவுணதீவில் 10 மெகாவாட் சோலர் நிலையம் இருக்கிறது. அந்த மின்சாரம் தேசிய வலையமைப்புக்குப் போகிறது. இக்கரையில், குருக்கள்மடம் இருக்கும் எழுவான்கரைக்காரர் கட்டுவதோ நாடு முழுவதற்குமான அதே கட்டணம்.

இன்னொரு சிக்கல்: வெயில் பகலில், விசிறி இரவில். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்ததால், கூரைச் சோலரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. சேமிக்கப் போதிய மின்கலம் இல்லை.

இதற்கிடையே 2024இல் இரண்டு தடவையும் 2025 ஜனவரியிலும் கட்டணம் இறங்கியது. 2025 ஜூனில் மீண்டும் 15 வீதம் ஏறியது.

கட்டணம் ஏறினாலும் இறங்கினாலும், சின்ன வீட்டுக்குக் கூரைச் சோலர் தகட்டைவிட விசிறிதான் முக்கியம். புதுவகை 35 வாட் விசிறிக்கு அதே இரவுகளில் பத்து அலகு சொச்சமே போதும். இந்தியா 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் அதிகமான எல்ஈடி குமிழ்களை மலிவாகக் கொடுத்தது. மின்பட்டியலிலேயே தவணை கட்டும் வசதியும் இருந்தது. இங்கே விசிறிக்கு அப்படியொரு தவணை கொடுத்தால், குருக்கள்மடத்து மீற்றர் முப்பதுக்குக் கீழேயே நிற்கும்.