சின்னப் பிளேனில் மெக்சிக்கோ மலைகளுக்கு மேலால்



பயண அனுபவம் ஒன்றைச் சொல்லும்படி சங்கத்தார் கேட்டார்கள். சில வருடங்களுக்கு முன் மெக்சிக்கோவின் வஹாக்கா நகரிலிருந்து பசுபிக் கரையிலுள்ள புவேர்த்தோ எஸ்கொண்டிடோவுக்குப் பறந்த முக்கால் மணித்தியாலத்தைச் சொல்கிறேன். இரண்டுக்கும் நடுவில் தெற்குச் சியெரா மாத்ரே மலைத்தொடர். 2024இல் புதிய நெடுஞ்சாலை திறக்கும்வரை, பழைய மலைப்பாதையில் ஆறேழு மணித்தியாலம் வளைந்து வளைந்து போகவேண்டும். “அம்மா, றோட்டாலை போனால் உங்களுக்குச் சத்திதான் வரும். சின்னப் பிளேனிலை போவம்” என்றாள் மகள்.

சின்னப் பிளேன் என்றதும் எனக்கு வயிறு கலங்கியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இரைச்சல் கேட்டதும் கொப்பியைப் போட்டுவிட்டுப் பங்கருக்கு ஓடிய வகுப்பு எங்களுடையது. இங்கே இருப்பவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

அது செஸ்னா கரவான். ஒரே இயந்திரம், மூக்கில் ஒரு காற்றாடி. இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் யன்னலால் கீழே மறைப்பில்லாமல் தெரியும். இயந்திரம் முழங்கியதும் என்னை அறியாமலே குனிந்து காதைப் பொத்திவிட்டேன். மகள் ஒன்றும் பேசாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

என் தலையை நிமிர்த்தியது புவியியல் பாடம்தான். வஹாக்காப் பள்ளத்தாக்கு 1,500 மீற்றருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அன்று காய்ந்து கிடந்தது. மெஸ்கால் மது வடிக்கும் அகாவே, நம்மூர்க் கற்றாழை போன்றது, சீப்பால் வாரியதுபோல வரிசையாக நின்றது. பிறகு பைன் மரங்கள் அடர்ந்த முகடுகள். அவற்றைத் தாண்டியதும் நிறமே மாறியது: முகில், கரும்பச்சைக் காடு, மரநிழலில் கோப்பித் தோட்டங்கள். எங்கள் ரீச்சர் கரும்பலகையில் கீறிய மழையொதுக்குப் படம் ஞாபகம் வந்தது. முக்கோண மலை, கடற்பக்கம் அம்புக்குறிகள், மறுபக்கம் வெறுமை. சோதனைக்குப் பாடமாக்கி மறந்த அந்தப் படத்தை நாங்கள் வெறும் பக்கத்திலிருந்து கடந்துகொண்டிருந்தோம்.

கரையை நோக்கி இறங்கும்போது ஒரு கிராமத்தின் கூடைப்பந்துத் திடல் தெரிந்தது. அந்தப் பக்கத்து ஊர்களில் கோயில் இருப்பதுபோல அதுவும் இருக்கும். பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிளேனின் நிழல் திடலுக்குக் குறுக்கே ஓடியது. ஒரு பிள்ளையும் ஓடவில்லை. ஒன்றிரண்டு கை காட்டின. நானும் காட்டினேன், அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

பிறகு களப்பும் கண்டல் காடும் வெண்ணுரை அலைகளும். இறங்கிய இடத்துக்குக் கிட்ட ஈழத்தலரி பூத்திருந்தது. நம் கோயில் வீதி மரம் என்று நான் பெருமைப்பட, அதன் சொந்த மண் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும்தான் என்று மகள் திருத்தினாள். பெயரில் மட்டும்தான் ஈழம்.

திரும்பும்போது றோட்டால் போவோமா என்று எனக்காகக் கேட்டாள். பிளேனுக்கே ரிக்கற் எடுக்கச் சொன்னேன், யன்னல் பக்கம் பார்த்து.